ஐந்து டிஸ்க் டிரைவர்களில் ஒரே நிரல்

எங்கள் நிறுவனத்தின் சேமிப்புக் கருவிக்குள் ஓடுவது, நெட்பிஎஸ்டி என்ற திறமூல இயங்குதளத்திலிருந்து பல ஆண்டுகளுக்கு முன்பு கிளை பிரிந்த ஒரு கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி. அதன் டிஸ்க் டிரைவர்களில், அதாவது டிஸ்க்குகளை இயக்கும் நிரல்களில், திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்த நிரலை ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்தது. யாரும் ஆசைப்பட்டுக் கேட்கும் வேலை அல்ல இது. புதிய வசதி எதுவும் வராது. சரியாகச் செய்தால் வெளியே ஒன்றும் தெரியாது. பிசகினால் வாடிக்கையாளரின் தரவு போய்விடும்.

4096 பைட் செக்டர் (டிஸ்க் படிக்கும், எழுதும் மிகச்சிறிய துண்டு) கொண்ட டிஸ்கில் கணக்குத் தவறும் ஒரு பிழையை, ஸ்கஸி வகை டிஸ்க்குகளுக்கான டிரைவரில் ஒருவர் திருத்தியிருந்தார். அதே பிழை, அதே வரியில், வேறொரு டிரைவரில் அப்படியே இருந்தது. திருத்தியவரைக் குறை சொல்ல முடியாது. ஒன்றைப் பார்த்து எழுதியதுதான் மற்றது என்று எந்தக் கோப்பிலும் குறிப்பு இல்லையே! அதன் பிறகுதான் நிர்வாகம் இதற்கு நேரம் ஒதுக்கியது.

டிஸ்க் டிரைவர் செய்யும் வேலையில் பெரும்பகுதிக்கு டிஸ்கோடு சம்பந்தமே இல்லை. மேலிருந்து வரும் கோரிக்கை, டிஸ்கின் உண்மையான செக்டர் அளவு எதுவானாலும், 512 பைட் கணக்கில் வரும். நீளம் செக்டரின் முழு மடங்குதானா, டிஸ்கின் பிரிவான பார்ட்டிஷனின் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லையைத் தாண்டினால் வெட்ட வேண்டும். பிறகு பார்ட்டிஷனின் தொடக்க இடத்தைக் கூட்டி, செக்டர் எண்ணாக மாற்றி, வரிசையில் சேர்க்க வேண்டும். இவை தவிர திறப்பு, மூடல் கணக்கு, பார்ட்டிஷன் விவரம் கொண்ட டிஸ்க் லேபிளைப் படிப்பது, எழுதுவது எல்லாம் உண்டு. வன்பொருளிடம் கட்டளையைக் கொடுப்பதும் அது முடிந்த செய்தியை வாங்குவதும் மட்டுமே டிரைவருக்கு டிரைவர் வேறுபட வேண்டியவை. ஆனால் நெட்பிஎஸ்டி வந்த பிஎஸ்டி மரபில் புதிய டிரைவர் எழுதுபவர் பழைய கோப்பு ஒன்றை எடுத்து, பெயர்களை மாற்றி, கீழ்ப்பகுதியை மட்டும் புதிதாக எழுதுவது வழக்கம். எங்களிடம் அப்படி ஐந்து டிரைவர்கள் இருந்தன.

நெட்பிஎஸ்டியில் இதற்கான விடை முன்பே இருந்தது. 2004-ல் வெளியான 2.0 பதிப்பில் டிஸ்கை மறைகுறியாக்கும் சிஜிடி டிரைவர் வந்தது. அதற்குத் துணையாக டிகேசப்ஆர் என்ற சிறு பொதுக்கோப்பும் இருந்தது. தொடக்கத்தில் அது வன்பொருள் இல்லாத போலி டிஸ்க்குகளுக்கானது. பின்னாளில் எல்டி (தருக்க டிஸ்க்), எஸ்டி (ஸ்கஸி டிஸ்க்), டபிள்யூடி (ஐடிஇ வகை டிஸ்க்) ஆகிய உண்மையான டிஸ்க் டிரைவர்களும் ஒவ்வொன்றாக அதன்மேல் ஏறின. எங்கள் கிளை அதற்கு முன்பே பிரிந்துவிட்டது. இடையில் எங்கள் சொந்த மாற்றங்கள் வேறு குவிந்துவிட்டதால், அங்கிருந்து கோப்பை அப்படியே தூக்கிவந்து வைக்க வழியில்லை. ஆனாலும் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை அது காட்டியது.

முதலில் ஒரு வரியும் எழுதவில்லை. ஐந்து கோப்புகளிலும் மாறிகளின் பெயர்களை ஒரு ஸ்கிரிப்ட்டால் ஒன்றாக்கிவிட்டு, ஒரே வேலை செய்யும் ஃபங்ஷன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். ஒத்துப்போகும் வரிகளால் தொல்லை இல்லை, அவற்றை யாரும் வெட்டலாம். ஒத்துப்போகாத வரிகளில்தான் முழு வேலையும் இருந்தது. ஒவ்வொன்றையும் பார்த்து, இது மற்ற நகல்களுக்குப் போய்ச்சேராத திருத்தமா, அந்த வன்பொருளுக்கே உரிய தேவையா, எழுதியவரின் பழக்கமா என்று முடிவு கட்ட வேண்டும். எதுவென்று யாராலும் சொல்ல முடியாத நான்காவது வகையும் உண்டு. என் நேரத்தைத் தின்றது அதுதான்.

எளிதாகத் தீர்ந்த ஒன்று: ஒரு நகலில் செக்டர் எண்ணைச் சாதாரண 32 பிட் முழு எண்ணில் போட்டிருந்தார்கள். 512 பைட் செக்டரில், 1 டெபிபைட்டை (2-ன் 40-ஆம் அடுக்கு பைட்) தாண்டியதும் அது எதிர்ம எண்ணாகிவிடும். அந்த டிரைவரோடு சிறிய ஃப்ளாஷ் டிஸ்க்குகள் மட்டுமே ஓடியதால் எவர் கண்ணிலும் படவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்று ஐடிஇ டிரைவரில் இருந்தது. 28 பிட் முகவரியில் எட்டக்கூடிய கடைசி செக்டர் 268435455. அதைத் தொடும் கோரிக்கையை, 28 பிட் கட்டளையில் அடங்கும் என்றாலும், சில டிஸ்க் மாடல்களுக்கு மட்டும் 48 பிட் கட்டளையாக அனுப்பும் ஒரு நிபந்தனை. பார்ப்பவருக்கு, யாரோ எல்லைக் கணக்கில் ஒன்று கூட்டிவிட்டார் என்றே தோன்றும். உண்மையில் சில டிஸ்க்குகள் அந்த ஒரே செக்டரை மட்டும் 28 பிட் கட்டளையில் தர மறுப்பவை. இது பொதுக்கோப்புக்குப் போகக்கூடாது, நீக்கவும் கூடாது. பேட்ச்களாக நான் அனுப்பிய நிரல் மாற்றங்களைப் பரிசீலித்த மூத்த பொறியாளர் தொடக்கத்திலேயே ஒரு விதி வைத்திருந்தார்: “நிபந்தனை யாருக்காக வந்தது என்று தெரிந்த பிறகு நீக்குங்கள். தெரியாவிட்டால் அது டிரைவரிலேயே இருக்கட்டும்.” எரிச்சலூட்டிய விதிதான். ஆனால் அதை மீறும்படியான காரணம் ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசி மூடலில் டிஸ்கின் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) தேங்கியதை நிரந்தரமாக எழுதச் சொல்வதில் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஒரு டிரைவர் எப்போதும் எழுதச் சொன்னது. இன்னொன்று, முந்தைய முறைக்குப் பிறகு ஏதாவது எழுதப்பட்டிருந்தால் மட்டும் சொன்னது. மூன்றாவது சொல்லவே இல்லை. எல்லாவற்றையும் ஒரே வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றார் ஒரு சக ஊழியர். நான் மறுத்தேன். கடைசி மூடல் நடக்கிறது என்று அறிவிப்பது மட்டுமே பொதுக்கோப்பின் வேலை. என்ன செய்வது என்பது டிரைவரின் பொறுப்பு. இதில் என் கருத்து இன்றும் மாறவில்லை. பொது ஃபங்ஷனுக்குள் “இது ஐடிஇ டிஸ்காக இருந்தால்” என்ற கேள்வி நுழைந்துவிட்டால், அதைவிட ஐந்து நகல்களே மேல்.

வரிசையைக் கையாள்வதில் நுட்பமான வேறுபாடு ஒன்று இருந்தது. கன்ட்ரோலர் நிரம்பியிருக்கும்போது சில டிரைவர்கள் கோரிக்கையை எடுக்காமல் எட்டி மட்டும் பார்த்தன. சில, எடுத்துவிட்டு மறுபடி வரிசையில் சேர்த்தன. வரிசை செக்டர் எண்படி அடுக்கப்படுவதால், திரும்பச் சேர்ந்த கோரிக்கை பின்னுக்குப் போய்விட வாய்ப்புண்டு. புதிய அமைப்பில், டிரைவர் “பிறகு வா” என்ற பிழை எண்ணைத் தந்தால், பொதுக்கோப்பு அந்தக் கோரிக்கையைத் தனியே பிடித்துவைத்து அடுத்த முறை முதலில் கொடுக்கிறது. எல்லா நகல்களையும்விட இது நன்றாக அமைந்தது.

வன்பொருள் அனுப்பும் குறுக்கீட்டை (இன்டரப்ட்) தடுத்துவைக்கும் பழைய முறையை விட்டு, ஒரே நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் மியூடெக்ஸ் என்ற லாக்குக்கு மாறியது, நேரம் பிடித்தாலும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லாத வேலை. ஆனால் அதன் வால் ஓரிடத்தில் சிக்கியது. கெர்னல் நிலைகுலையும்போது நினைவகத்தை டிஸ்கில் கொட்டுவதும் இதே டிரைவர்கள்தான். அந்த நேரத்தில் இன்டரப்ட் வராது, தூங்க முடியாது, விழுந்த திரியே (த்ரெட்) லாக்கைப் பிடித்திருக்கக்கூடும். சாதாரணப் பாதைக்கு எழுதிய பொது நிரல் அங்கே லாக்குக்காகக் காத்திருந்தால், கிடைத்திருக்க வேண்டிய ஒரே தடயமும் போய்விடும். எனவே கொட்டும் பாதை எந்த லாக்கையும் தொடாமல், எல்லையை மட்டும் சரிபார்த்து, துண்டு துண்டாக டிரைவரின் சிறு ஃபங்ஷனுக்கு அனுப்புகிறது. டிரைவர் வன்பொருளைத் திரும்பத் திரும்பக் கேட்டே முடிவை அறிகிறது. இதைச் சோதிக்கக் கெர்னலை வேண்டுமென்றே விழவைத்து, டிபக்கரிலிருந்து கொட்டச்சொல்லி, மறுதொடக்கத்துக்குப் பின் சேவ்கோர் கட்டளையால் மீட்டுப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும் இயந்திரத்தை வீழ்த்தினால் எல்லா டிரைவரும் தேறிவிடும். டிஸ்கில் கடும் எழுத்துவேலை ஓடும்போது வீழ்த்த வேண்டும்.

மற்ற சோதனைகளுக்குக் கியூஇஎம்யூ என்ற போலிக் கணினி மென்பொருள் கைகொடுத்தது. ஐடிஇ, ஸ்கஸி, விர்ட்டியோ, என்விஎம்இ என்ற டிஸ்க் வகைகள் எல்லாவற்றையும் அது போலியாகக் காட்டும். ஸ்கஸியிலும் விர்ட்டியோவிலும் செக்டர் அளவை 4096 என்று வைக்கலாம். அதன் பிளாக்டிபக் வசதியைக் கொண்டு, விரும்பிய இடத்தில் படிப்புப் பிழையை வரவழைக்கலாம். பிழை வரும் பாதைகளில்தான் நகல்கள் ஒன்றுக்கொன்று மிக விலகியிருந்தன. அந்தப் பாதைகளை யாரும் ஓட்டிப் பார்த்ததே இல்லை போலும்.

கமிட்டுகளைப் பொறுத்தவரை (நிரல் களஞ்சியத்தில் பதியும் மாற்றங்கள்) கண்டிப்பாக இருந்தேன். நடத்தை மாறாமல் நிரலை இடம் மாற்றுவது ஒரு கமிட். நடத்தையை மாற்றுவது வேறு கமிட். ஒரு கமிட்டில் ஒரு டிரைவரின் ஒரு ஃபங்ஷனுக்கு மேல் இல்லை. எல்டியில் தொடங்கி, வினோத விதிகள் நிறைந்த ஐடிஇயைக் கடைசிக்கு வைத்தேன்.

சிடி டிரைவரையும் ஃப்ளாப்பி டிரைவரையும் சேர்க்கவில்லை. சிடியில் ஊடகம் மாறும், செஷன்கள் உண்டு. அதைப் பொது அச்சுக்குள் அடைக்க, பொதுக்கோப்பே கோணலாகும். ஃப்ளாப்பியில் மோட்டாரை ஓட்டி நிறுத்தும் நேரக் கணக்கே பாதி நிரல். அதைச் சோதிக்க எங்களிடம் இயங்கும் டிரைவ் ஒன்றுகூட இல்லை. அதை முழுதாக நீக்கிவிடலாம் என்று யாராவது பேட்ச் எழுதினால், பரிசீலிக்க நான் தயார்.