ஒன்றரை வேகம்

ஒக்டோபர் 9

கால் பிளாஸ்ரருக்குள் கடிக்கிறது. ஈர்க்கு விட்டுச் சொறியக்கூடாதென்று நேர்ஸ் படித்துப் படித்துச் சொன்னவ. சொறிந்தேன்.

ஒக்டோபர் 11

முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் போகும் காலைப் பஸ் எங்கள் படலையடியில் கொஞ்சம் மெதுவானது. கொண்டக்டர் தம்பி மிதிபலகையில் நின்றபடியே ஒரு பையை வேலிக்கு மேலால் எறிந்தார். நல்ல வேளை, ஆட்டின்மேல் விழவில்லை.

உள்ளே பாலமனோகரனின் 'நிலக்கிளி' நாவல். 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்த அதே பதிப்பு. அட்டை எப்போதோ போய்விட்டது. மாஸ்டர் கலண்டர்த் தாளில் உறை போட்டிருக்கிறார், முருகன் தலைகீழாக நிற்கிறார். கூடவே ஒரு துண்டு: "வாசிச்சிட்டன் எண்டு சொல்லாதையும். திரும்ப வாசியும். எனக்கும் வாசியும்."

வாசித்தது உண்மைதான், ஏ.எல் படிக்கிற காலத்தில். அப்போது பிடிக்கவில்லை. காடு, குளம், மாட்டுப்பட்டி எல்லாம் வாசலில் கிடக்க, அதைப் புத்தகத்தில் வேறு எதற்கு வாசிக்கவேண்டும்? எனக்கு வேண்டியிருந்தது கப்பல், பனி, கோட்டுப் போட்ட ஆட்கள்.

"எனக்கும் வாசியும்" என்றது விளங்கவில்லை. போன் எடுத்தால் மாஸ்டரின் மனுசி, மாமிதான் கதைத்தா. மாஸ்டருக்கு வலக்கண் மங்கல் என்று முதலே தெரியும். இப்போது இடதும் ஏலாதாம். வெண்படலம் எடுக்க முதல் சீனி இறங்கவேணுமாம். "புத்தகத்தைத் தடவிக்கொண்டு இருக்கிறார் பிள்ளை" என்றா.

ஒக்டோபர் 12

வாட்ஸ்அப்பில் குரற்பதிவு. முதல் அத்தியாயம். மூன்றுதரம் அழித்து நாலாந்தரம் அனுப்பினேன். முதல்தரம் மயில் அகவியது, இரண்டாந்தரம் அம்மா "சோத்தை இறக்கவோ" என்று கேட்டா, மூன்றாந்தரம் எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. நாலாவதிலும் மயில் இருக்கிறது. இருக்கட்டும்.

ஒக்டோபர் 14

கண்ணால் வாசிக்கும்போது உரையாடல்களை நான் தாண்டித் தாண்டிப் போகிற ஆள். வாயால் வாசிக்கும்போது தாண்ட முடியவில்லை. கதிராமன் வாய் திறந்தால் என் பெரியப்பா வருகிறார். நாலு சொல்லுக்குமேல் பேசமாட்டார், அந்த நாலுக்குள்ளும் ஒன்று "ம்" ஆக இருக்கும். பதஞ்சலியின் பேச்சை வாசிக்கும்போது குரல் தானாகச் சின்னதாகிறது, வெட்கமாக இருக்கிறது. யாரும் இல்லாத அறையில் நாற்பது தாண்டிய ஒருத்தி காலை நீட்டிக்கொண்டு பதஞ்சலியாகப் பேசுகிறாள்.

பாலமனோகரன் தண்ணீரூற்றில் பிறந்தவர். கதை தண்ணிமுறிப்பில் நடக்கிறது. இங்கேயிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம். அந்தக் காட்டு வழியில் அப்பாவோடு தேன் எடுக்கப் போயிருக்கிறேன். இது தெரிந்திருந்தும் ஏ.எல் வயதில் அந்தப் புத்தகத்தை "சும்மா கிராமத்துக் கதை" என்று திருப்பிக் கொடுத்தேனே. அதற்கு நம்முடைய சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்ததென்று அப்போது தெரிந்திருந்தால் மரியாதையாவது கொடுத்திருப்பேன். பரிசுக்கு மயங்குகிற வயது அது.

ஒக்டோபர் 15

நடுவில் ஒரு பத்துப் பக்கத்தைக் கறையான் தின்றிருக்கிறது. தின்றதும் நேர்த்தியாக இல்லை. ஒவ்வொரு வரியிலும் நடுச்சொல் மட்டும் இல்லை. ஊகித்து வாசித்துப் பார்த்தேன், அது என் கதையாகப் போய்க்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டு நூலகம் தளத்தில் தேடினேன். முழுதாக ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கிறார்கள். 2005இலிருந்து இந்த வேலை செய்கிறார்கள். யாழ்ப்பாண நூலகம் எரிந்து தொண்ணூற்றேழாயிரம் புத்தகம் போன பிறகு யாராவது செய்யத்தானே வேண்டும்.

போனில் கறையான் பக்கம், கையில் மிச்சப் பக்கம். டேட்டாதான் பறக்கிறது.

ஒக்டோபர் 18

மாஸ்டரின் பதில்: முப்பத்தொரு நிமிடத் தவில். பேரன் பழைய கசற்றிலிருந்து போனுக்கு ஏற்றினதாம். யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி. 1933இல் பிறந்து 1975இல் போனவர். அந்த வயதை நான் கடந்துவிட்டேன்.

முதல் இரண்டு நிமிடம் கசற் இரைச்சல், யாரோ இருமுகிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது. கோயில் வீதி. பிறகு தவில் வந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பதை இங்கேயாவது ஒப்புக்கொள்கிறேன். மழை ஓட்டில் விழுகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அப்படியே சொல்லி அனுப்பினேன்.

உடனே குரற்பதிவு வந்தது: "பிள்ளை, எல்லாத்தையும் கேக்க வெளிக்கிட்டா மழைதான். கழி விழுற இடத்தை மட்டும் கேளும். விரலை விடும்."

கழி விழுகிற இடத்தை மட்டும் கேட்டேன். கொஞ்சம் பிடிபட்டது. அப்புறம் பென்சிலால் பிளாஸ்ரரில் தட்டிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே தட்டினால் தவிலில் கழி விழுகிற தொப்பிப் பக்கத்து ஓசை, கணுக்காலடியில் கொஞ்சம் இறுக்கம். அம்மா குசினியிலிருந்து, "ஆர் கதவு தட்டுறது?"

ஒக்டோபர் 19

இன்றைக்கும் கழி மட்டும்.

ஒக்டோபர் 22

நித்திரை வரவில்லை. தம்பி நேற்று அனுப்பின பழைய பாட்டுகளில் 'சிங்கார வேலனே தேவா'வும் இருந்தது. கேட்டேன். வழமைபோல ஏமாற்றம்.

இதை யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது. எனக்கு அந்தப் பாட்டு தெரிந்த வேகமே வேறு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. பற்றரி என்பது நகை மாதிரி. அண்ணா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார், சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில். டைனமோவைப் பின்சில்லில் சாய்த்து, வயரைக் கசற் பிளேயரின் பற்றரிப் பெட்டிக்குள் கொடுப்பார். பெடலைக் கையால் சுற்றுவது நான். அண்ணா சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். கையில் இருந்தது ஒரே ஒரு கசற். அதில் இந்தப் பாட்டு இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது.

ஜானகி தொடங்கும்போது எனக்குக் கை புதிது, பாட்டு சரியாக ஓடும். காருகுறிச்சியாரின் நாதஸ்வரம் வருகிற இடத்துக்குள் கை களைத்துவிடும். களைக்கக் களைக்கச் சுருதி இறங்கும். நாதஸ்வரம் தாய்ப்பசுவைத் தேடுகிற கன்று மாதிரி ஒரு குரல் எடுக்கும். அண்ணா கண்ணைத் திறக்காமலே, "சுத்தடி" என்பார். நான் வெடுக்கென்று நாலு சுற்றுச் சுற்ற, ஜானகி குருவியாகிப் பறந்துவிட்டு மறுபடி இறங்குவா. எனக்குத் தெரிந்த ஆபேரி ராகம் அதுதான், ஏறி இறங்கி, மூச்சு வாங்கி.

2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் முதன்முதல் அதைச் சரியான வேகத்தில் கேட்டேன். பக்கத்தில் இருந்தவ தலையாட்டி ரசித்தா. எனக்கு யாரோ அவசரமாகப் பாடிவிட்டு எழும்பிப் போன மாதிரி இருந்தது. 1962இல் 'கொஞ்சும் சலங்கை'க்காக அவர்கள் பாடினது அந்த வேகம்தான், பிழை என் பக்கம்தான். அதற்காக என்ன செய்வது.

மாஸ்டருக்கு இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

ஒக்டோபர் 26

பரந்தன் மச்சாள் வந்தா. ஒரு பை மரவள்ளி, ஒரு புத்தகம். தாமரைச்செல்வியின் 'பச்சை வயல் கனவு'. மச்சாளும் தாமரைச்செல்வியும் ஏறத்தாழ ஓரூர்க்காரர், அந்தப் பெருமை கதைக்குக் கதை வரும். காடு வெட்டிக் கிளிநொச்சிப் பக்கம் குடியேறினவர்களின் கதை. "நீ இதை வாசிச்சிட்டு உன்ர கதிராமனைக் கொண்டுபோய்க் குளத்துக்குள்ள போடு" என்கிறா.

மச்சாள் புத்தகத்தைப் பார்க்கிற விதம் வேறு. எனக்குப் பாத்திரம், நடை. அவவுக்கு, விதைப்பு எந்த மாதம், வரம்பு எப்படி, தண்ணி எப்படி. வயலைப் பற்றி எழுதினவர் வரம்பில் நடந்திருக்கிறாரா என்று இரண்டு பக்கத்தில் பிடித்துவிடுவா. தாமரைச்செல்வி தேறிவிட்டா. வேறு சிலரின் பெயரைச் சொல்லி, "அவங்களுக்கு நெல்லு எண்டா அரிசி மரம்" என்றா. பெயர்களை எழுதமாட்டேன்.

காலபோகத்துக்கு விதைத்துவிட்டு மழைக்கு நிற்கிறார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணி நிலவரம் அரைமணி நேரம் கதைத்தோம். புத்தகம் பத்து நிமிடம்.

ஒக்டோபர் 30

மாஸ்டர் என் பதிவுகளை ஒன்றரை வேகத்தில் கேட்கிறார்.

பேரப்பிள்ளைதான் போட்டுடைத்தான். "அன்ரி, அம்மப்பா உங்களை ஸ்பீட்டா வச்சுத்தான் கேக்கிறவர்." இருபது நாளாகத் தொண்டைக்கட்டோடு, காற்றாடியை நிறுத்தி, நுளம்பு வலைக்குள் வேர்த்து ஒழுகி, நிறுத்தக்குறிக்கு நிறுத்தி வாசித்தது. அவருக்கு நான் அவசரக்காரியாக, மூச்சு விடாமல். பதஞ்சலி படபடவென்று.

ஒக்டோபர் 31

பதிவு இல்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லியாச்சு. தொண்டை நல்லாத்தான் இருக்கு.

நவம்பர் 2

மாமி எடுத்தா. "ரண்டு நாளா போனைக் காதுக்க வச்சுக்கொண்டு இருக்கிறார், என்ன கோவமோ?" வேகத்தைப் பற்றிக் கேட்டேன். மாமி சிரித்தா. வகுப்பில் பிள்ளைகள் வாசிக்கும்போதும் மனுசன் காலால் தட்டிக்கொண்டே இருப்பாராம், "ம், ம், அடுத்தது" என்று. முடிவு தெரிந்த கதையையும் முடிவுக்கு ஓடித்தான் கேட்பாராம்.

சரி. இரவு இரண்டு அத்தியாயம்.

நவம்பர் 4

எக்ஸ்ரே. எலும்பு இன்னும் ஒட்டவில்லை. இன்னொரு மாதம். காலை ஆறுக்குப் போய் பின்னேரம் மூன்றுக்குத்தான் கூப்பிட்டார்கள். வாங்கில் பக்கத்தில் இருந்த பிள்ளை காதில் ஒன்றைச் செருகிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தது. என்ன பாட்டு என்று கேட்டேன். ஒரு பக்கத்தைக் கழற்றித் தந்தது. ராப். எங்கள் பக்கத்துப் பெடியள்.

நவம்பர் 5

அந்த ராப்பைத் தம்பியிடம் கேட்டு எடுத்தேன். தம்பிக்கு ஒரே சந்தோசம். ஒரு வருடமாக அனுப்பிக்கொண்டிருந்தவர், நான்தான் திறந்தும் பார்க்கவில்லை. இப்போது பதினான்கு பாட்டு ஒரேயடியாக வந்து விழுந்தது. பத்து ஒரேமாதிரி. இரண்டில் பெடியன் தன்னைத்தானே புகழ்கிறான். மிச்ச இரண்டும் நல்லது, மெய்யாகவே நல்லது. "எண்டு", "பேந்து", "உதென்ன" எல்லாம் தாளத்தில் அச்சொட்டாய் உட்காருகிறது. மெல்லிசைப் பாட்டுக்காரர் எங்கள் பேச்சை ஒளித்து வைத்துவிட்டுத்தானே மேடை ஏறினார்கள். பாலமனோகரன் ஐம்பது வருடத்துக்கு முன் கதையில் செய்ததை இந்தப் பெடியள் மைக்கில் செய்கிறார்கள்.

மாஸ்டருக்கு ஒன்றை அனுப்பினேன். பதில்: "இதுக்கு ஒன்றரை தேவையில்லை."

நவம்பர் 12

மழை தொடங்கிவிட்டது. மச்சாள் வயலில் நின்றே வீடியோ அனுப்பினா, ஒன்றும் தெரியவில்லை, சிரிப்பு மட்டும் கேட்டது.

கரண்ட் இல்லை. லாம்பு வெளிச்சத்தில் வாசித்தேன். பதிவு முழுக்கத் தவளை. நடுவில் இரண்டு யானைவெடி, குளக்கட்டுப் பக்கம். வெடித்த இடத்தில் நான் நிறுத்தி, "அது யானைக்கு, மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு வாசிப்பைத் தொடர்ந்திருக்கிறேன். திருப்பிக் கேட்கும்போதுதான் தெரிந்தது. கதிராமனே யானைக்கு வெடி கொளுத்தின மாதிரி இருக்கிறது. அழிக்கவில்லை.

நவம்பர் 17

சீனி இறங்கிவிட்டது. 28ஆம் திகதி ஒப்பரேஷன். அதற்குப் பிறகு குனியக்கூடாது, தண்ணி படக்கூடாது, நேரத்துக்கு நேரம் துளி மருந்து விடவேணும். மாமி ஒப்பித்தா. "புத்தகம்?" என்று பின்னாலிருந்து மாஸ்டரின் குரல்.

நவம்பர் 20

மிச்சம் கொஞ்சம்தான். நேற்று அரை அத்தியாயம், இன்று அதிலும் குறைவு. ஏன் இப்படி இழுக்கிறேனென்று தெரியும். தெரிந்தும் இழுக்கிறேன்.

அந்தத் தவிலில் பத்தொன்பதாவது நிமிடம். நாதஸ்வரம் நின்றுவிட்டது, கழி விழவேண்டிய இடத்தில் விழவில்லை. ஒரு அடி வெற்று. கூட்டத்தில் யாரோ "ஆ" என்கிறார். அடுத்த அடியில் விழுகிறது. இதுவரை எத்தனைதரம் கேட்டேனென்று கணக்கில்லை, ஒவ்வொருதரமும் அந்த "ஆ" என் வாயிலிருந்தும் வருகிறது.

நவம்பர் 23

டைனமோக் கதையை மாஸ்டருக்குச் சொன்னேன். குரற்பதிவாக, ஏழு நிமிடம். சொல்லச் சொல்ல நீண்டுவிட்டது.

நவம்பர் 24

மாஸ்டர்: "இதை ஒண்டிலதான் கேட்டனான்."

நவம்பர் 27

மழை விடவில்லை. அம்மா குடை பிடிக்க, நான் கதிரையில் இருந்தபடி விளக்கேற்றினேன். பதிவு இல்லை.

நவம்பர் 29

வீதிக்கு மேலால் வெள்ளம். பஸ் இல்லை, தம்பி இல்லை. நேற்று ஒப்பரேஷன் நடந்ததா இல்லையா, மாமியின் போன் வேலை செய்யவில்லை.

டிசம்பர் 1

மாமியின் போன் இன்னும் இல்லை. மச்சாளின் வயலில் பாதி தண்ணிக்குள். "நெல்லு நீந்தப் பழகுது" என்றா. சிரிக்கத்தான் சொன்னா.

டிசம்பர் 3

பஸ் ஓடுகிறது. தம்பி மிதிபலகையில் நின்று வெறுங்கையை விரித்துக் காட்டிக்கொண்டு போனார்.

இரவு கடைசி அத்தியாயத்தைத் தொடங்கினேன். மெதுவாக, களைத்த கையால் பெடல் சுற்றுகிற மாதிரி மெதுவாக. ஒன்றரையில் வைத்தாலும் என் குரலாகக் கேட்கட்டும். கரண்ட் காலையிலிருந்து இல்லை, போனில் நாலு வீதம். பதஞ்சலி பேசத் தொடங்குகிற இடத்தில் போன் அணைந்துவிட்டது. மிச்சம் நாளைக்கு.