இனிஷியலை விரித்ததும் ஆரம்பித்த சிக்கல்: ஒரு பாஸ்போர்ட் அனுபவம்

அண்ணன் மகளின் பாஸ்போர்ட் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. கட்டணம், அப்பாயின்ட்மென்ட், போலீஸ் விசாரணை எல்லாம் மளமளவென்று முடிந்தன. இழுத்தடித்தது பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை ‘எஸ்’தான்.

பாஸ்போர்ட் படிவத்தில் இனிஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். இது பலருக்கும் தெரியும். விரித்தால் என்னென்ன கிளம்பும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. பெண்ணின் பெயரை இங்கே எஸ். பூங்குழலி என்று வைத்துக்கொள்வோம். இனிஷியலாக இருக்கும்வரை எல்லாச் சான்றும் ஒத்துப்போகும். விரித்தவுடன், அப்பா சண்முகம் பிறப்புச் சான்றிதழில் ‘எஸ்’ஸுக்குப் பின் ‘ஹெச்’ போட்ட சண்முகம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அந்த ‘ஹெச்’ இல்லை. ஆதாரில் ‘ஜி’க்குப் பின் இன்னொரு ‘ஹெச்’ முளைத்திருக்கிறது. தமிழில் ஒரே பெயர், ஆங்கிலத்தில் மூன்று ஆட்கள். இத்தனை வருடமாக அந்த ஒற்றை எழுத்துதான் இதையெல்லாம் மூடி வைத்திருந்தது.

சேவா கேந்திராவில் ‘ஏ’ கவுண்டரில் ஆவணங்களை ஸ்கேன் செய்து, போட்டோவும் கைரேகையும் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அங்கே ஒன்றும் சொல்லவில்லை என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். ‘பி’ கவுண்டரில்தான் அதிகாரி அசல் சான்றுகளை எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறார். நிறுத்தினால் அங்கேதான் நிறுத்துவார்கள், அன்றைய அலைச்சல் வீண்தான். அதனால் படிவத்தில் கை வைக்கும் முன்பே, எல்லாச் சான்றிலும் அப்பா பெயரும் பிள்ளை பெயரும் ஆங்கிலத்தில் எப்படி இருக்கின்றன என்று ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். அப்பாவுக்குப் பாஸ்போர்ட் இருந்தால் அதையும் சேருங்கள். பிள்ளையின் பெயரிலும் கண் வைக்க வேண்டும். பூங்குழலியில் ‘ழ’வுக்கு ‘இசட்-ஹெச்’சா, வெறும் ‘எல்’லா? ‘பூ’வுக்கு ‘யு’வா, இரட்டை ‘ஓ’வா? ஞானசேகரன் போன்ற பெயர் என்றால் இனிஷியலே ‘ஜி’யா ‘என்’னா என்று மாறிவிடும்.

எதைத் திருத்துவது என்பதில் என் கணக்கு இதுதான்: மாற்றக் கடினமானதை அப்படியே விட்டு, மற்றதை அதற்கு இணங்கத் திருத்துங்கள். மதிப்பெண் சான்றிதழில் திருத்தம் என்றால் பள்ளி வழியாகத் தேர்வுத்துறைவரை போக வேண்டும். ஆதார் சுலபம். ஆனால் ஆதாரில் சொந்தப் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், அவசரத்தில் ஒன்றை வீணாக்காதீர்கள். அடுத்து பான். பெயர் பொருந்தாவிட்டால் ஆதாரோடு இணைக்கும்போது அதுவும் மாட்டிக்கொள்ளும்.

இனி சர்நேம், அதாவது குடும்பப் பெயர் கேட்கும் பெட்டி. படிவம் நிரப்பித் தரும் ஒரு கடையில் அந்தப் பெட்டியில் வெறும் ‘எஸ்’ஸைத் தட்டிக் கொடுத்தார்கள். இன்னோர் இடத்தில் காலியாக விடச் சொன்னார்கள். இரண்டுமே சிக்கலில்தான் கொண்டுபோய் விடும்.

நம் பெயர்களில் குடும்பப் பெயர் என்ற ஒன்று பெரும்பாலும் இல்லை. முன்னெழுத்து ஊரையோ தந்தையையோ சொல்லும். சி. என். அண்ணாதுரையின் ‘சி’ அன்று ஆங்கிலத்தில் ‘கான்ஜீவரம்’ என்று ‘சி’யில் எழுதப்பட்ட காஞ்சிபுரம், ‘என்’ நடராஜன். அப்துல் கலாமின் ‘ஜே’ அவருடைய தந்தை ஜைனுலாப்தீன். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொல்லி 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானமே போட்டார்கள். அப்படி வந்த பெருமைக்குரிய வழக்கம் இது. அந்த வாலைத் திரும்ப ஒட்டித்தான் பெட்டியை நிரப்ப வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பெட்டியைக் காலியாக விட்டால் இந்தியப் பாஸ்போர்ட் தாராளமாகக் கிடைக்கும், சர்நேம் கட்டாயமில்லை. தொல்லை வெளியே போகும்போதுதான். அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும், முதற்பெயர் இடத்தில் ‘முதற்பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கமாக ‘எஃப்என்யு’ என்ற மூன்றெழுத்து உட்காரும். அங்கே எடுக்கும் ஓட்டுநர் உரிமம்வரை அது பின்தொடரலாம். ஒற்றைச் சொல் பெயரோடு வரும் சுற்றுலாப் பயணிகளை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அதுவரை டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

ஆகவே சொந்தப் பெயர் கிவன் நேம், அப்பா பெயர் சர்நேம். நாங்கள் போட்டது இப்படித்தான். இதற்கும் ஒரு விலை உண்டு. வெளிநாட்டில் எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லியே கூப்பிடுவார்கள். விஸ்வநாதன் ஆனந்தை உலகமே ‘விஷி’ என்கிறதே, அது அவர் அப்பாவின் பெயர்தான். இன்னொன்று, சண்முகத்தின் சர்நேம் அவருடைய அப்பா பெயர், மகளின் சர்நேம் சண்முகம். அப்பாவுக்கும் மகளுக்கும் சர்நேம் ஒன்றாக இருக்காது. குழந்தையோடு பயணம் போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதியைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இனிஷியலை விரிக்க மட்டும் பொதுவாகக் கெசட், அதாவது அரசிதழ் அறிவிப்பு தேவைப்படாது, தந்தை பெயர் மற்ற சான்றுகளில் ஒரே மாதிரி இருந்தால் போதும். பெயரையே மாற்றினால்தான் கெசட். தமிழ்நாடு அரசிதழில் பகுதி 6, பிரிவு 4இல் வெளியாகும் அந்த அறிவிப்பில் பழைய பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முகவரி எல்லாம் அச்சாகும். படிவத்தில் நீங்கள் எழுதியதுதான் அப்படியே அச்சேறும். ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவே இடைவெளி விட்டு, பெரிய எழுத்தில், இன்னொருவரை வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கல்யாணம் ஆனதும் கணவர் பெயரை சர்நேமாக்க வேண்டுமா என்று அண்ணி கேட்டார். வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டுக்குத் திருமணச் சான்றிதழ் கட்டாயம் என்பதையே 2016 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். சண்முகம் என்ற பெயரோடே அவள் இருக்கலாம்.