‘…ரோதி’ வருடத்து அட்டை பிடிபட்டது

கடைசியில் அந்தப் பழைய தபாலட்டையின் வருடம் தெரிந்துவிட்டது: 1964.

கிளிநொச்சிப் பக்கத்து வட்டக்கச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்குப் போனது. வன்னிக்கு வந்த அட்டைகளைத் தேடுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அவை இடப்பெயர்வுகளோடு போய்விட்டன. இங்கிருந்து வெளியே போனவைதான் இப்போது அகப்படுகின்றன. இறவாணத்துக் (கூரை ஓரத்து) கம்பியில் குத்தி வைத்திருந்ததால் ஒவ்வொன்றின் நடுவிலும் ஓட்டை, சுற்றிவரக் கறள்.

இதில் அதைவிடப் பெரிய கேடு, யாரோ ஒரு முத்திரைப் பைத்தியம் அச்சு முத்திரையைச் சதுரமாகக் கத்தரித்து எடுத்ததுதான். திகதி குத்திய தபால் சீலும் போச்சு, பின்பக்கத்தில் ‘அன்புள்ள’ என்று தொடங்கிய இடமும் போச்சு. முத்திரை சேர்ப்பவர்கள் கோபித்தால் கோபிக்கட்டும்.

வருடம் கண்டுபிடிக்க மிஞ்சியது பின்பக்கத்து வலப்பக்க மூலை. ‘மார்கழி ௧௪’ என்று தமிழ் எண்ணில் திகதி, அதாவது 14. தமிழ் மாதக் கணக்கில் அது டிசம்பர் கடைசியில் வரும். தமிழ் வருடப் பெயரின் முதலெழுத்து மடிப்பில் தேய்ந்து, ‘…ரோதி’ மட்டும் நிற்கிறது. விரோதி என்றால் 1949, குரோதி என்றால் 1964.

நல்ல காலம், பென்சில் எழுத்து. கரி போனாலும் அழுத்திய தடம் கடதாசியில் கிடக்கும். இரவில் லைட்டை அணைத்து, போன் டோர்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்தேன். பலர் டோர்ச்சை நகர்த்துவார்கள். நான் நகர்த்துவது அட்டையை. வெளிச்சம் ஓடும் திசையிலேயே போகிற கீறு கண்ணுக்குத் தெரியாது, குறுக்கே போவதுதான் நிழல் விழுத்தும். அதனால் கொஞ்சம் திருப்பு, ஒரு படம், மறுபடி திருப்பு, இன்னொரு படம். அப்படித் திருப்பியதில் ஒரு படத்தில் எழுத்துக்குக் கீழே வளைந்து இறங்கிய வால் தெரிந்தது. மேலே கொக்கி இல்லை. அப்படியென்றால் ‘வி’ இல்லை, ‘கு’தான்.

உள்ளடக்கமும் ஒத்துவருகிறது. ‘பெடியனை யாழ்தேவியில ஏத்திவிடு’ என்று ஒரு வரி. அந்த ரயில் 1956இல்தான் ஓடத் தொடங்கியது. ‘போன கிழமைக் காத்து குடலை நெல்லைப் படுத்திப்போட்டுது, மன்னார்ப் பக்கம் சேதி சரியில்லை’ என்று இன்னொன்று. குடலை நெல் என்றால் கதிர் இன்னும் வெளியே வராத நெல். காத்து, 1964 டிசம்பர் 22, 23இல் தனுஷ்கோடியை அழித்த அதே புயல். முடிவில் ‘உன் குஞ்சியப்பு’ (சித்தப்பா) என்று இருப்பதால், வெட்டுப்பட்ட இடத்தில் இருந்தது பெறாமகன் அல்லது பெறாமகள் பெயராக இருக்கவேண்டும்.

முகவரிப் பக்கத்தை இன்னும் படியெடுக்கவில்லை. அதற்குள் உறைப் பிரச்சினை வந்துவிட்டது. இங்கே கடைகளில் கிடைக்கும் பிளாஸ்ரிக் கவர் வெக்கைக்கு ஒட்டிக்கொண்டு எழுத்தையும் உரித்துவிடும். பொலியெஸ்ரர் உறை கொழும்பிலிருந்து வரவேண்டும், விலையைக் கேட்டால் தலை சுற்றும். இப்போதைக்கு வெள்ளைத் தாளில் மடித்து வைத்திருக்கிறேன்.

அடுத்தது ஒட்டுசுட்டான் அட்டைக் கட்டு. அதெல்லாம் மங்கின ஊதா மை. அதில் தடம் இருக்காது, டோர்ச் உதவாது. படத்தில் பச்சை நிறத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஊதா கறுப்பாகத் தெரியும். ஒரு மூலையில் செய்து பார்த்தேன், ‘மாடு’ என்று ஒரு சொல் எழும்பியிருக்கிறது.