பி.ஓ.க்யூ. இல்லாத முதல் டெண்டர்

பதினான்கு வருஷம் சாலை வேலையில் இருந்துவிட்டு, 2017-ல் முதன்முதலாக ஓர் இ.பி.சி. டெண்டர், அதாவது டிசைன், கொள்முதல், கட்டுமானம் மூன்றும் காண்ட்ராக்டருடையதாகிற டெண்டர், என் மேஜைக்கு வந்தது. நான் முதலில் தேடியது பி.ஓ.க்யூ.வை, அதாவது வேலைகளின் அளவுப் பட்டியலை. காணவில்லை. டவுன்லோடு செய்தபோது ஏதோ ஃபைல் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, ஆபீஸ் பையனைத் திரும்ப எடுக்கச் சொன்னேன். அவன் இரண்டாம் முறையும் அதே ஃபைல்களைத்தான் கொண்டுவந்தான். விலை எழுத வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கட்டம் இருந்தது. மொத்தத் தொகை. அவ்வளவுதான்.

நான் வளர்ந்தது ஐட்டம் ரேட்டில். துறை டிசைன் செய்யும், வரைபடம் தரும், மண் இத்தனை கன மீட்டர், ஜல்லி இத்தனை, கம்பி இத்தனை டன் என்று அளவும் தரும். நாங்கள் ஒவ்வொன்றுக்கும் ரேட் போடுவோம். வேலை நடக்கும்போது அளவு கூடினால் கூடியதற்குப் பணம். அளவுகளைப் பதியும் எம்-புக்கில் ஏறிவிட்டால் காசு வந்தாயிற்று என்று அர்த்தம். ஏதாவது தப்பாகப் போனால் இருக்கவே இருக்கிறது ஒரு வாக்கியம்: “டிராயிங்ல அப்படித்தான் சார் இருக்கு.” எத்தனையோ முறை அதற்குள் ஒளிந்திருக்கிறேன்.

இ.பி.சி.யில் அந்த வாக்கியம் செல்லாது, ஏனென்றால் டிராயிங்கே நம்முடையது. வெளிநாட்டில் டிசைன்-பில்டு என்று சொல்வதன் நம் ஊர் வடிவம் இது. பி.ஓ.டி. முறையில் சொந்தப் பணம் போட்டுச் சாலை அமைத்து டோலில் எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் போக ஆரம்பித்த காலத்தில், 2012-ல் திட்டக் கமிஷன் நெடுஞ்சாலைகளுக்கான மாதிரி இ.பி.சி. ஒப்பந்தத்தை வெளியிட்டது. பணம் அரசுடையது. டிசைனும் கட்டுமானமும், அவற்றில் வரும் தலைவலியும் காண்ட்ராக்டருடையவை. ஃபிடிக் என்ற சர்வதேச மாதிரி ஒப்பந்தங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு வரியில் சொல்லலாம். அதன் மஞ்சள் புத்தகத்தில், மண்ணுக்கடியில் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாதது வந்தால் காண்ட்ராக்டர் கேட்க வழி உண்டு. வெள்ளிப் புத்தகத்தில் கிட்டத்தட்ட எல்லாம் அவர் தலையில். நம்முடையது, என் பார்வையில், வெள்ளிப் பக்கம் சாய்ந்தது.

எங்களுக்கு வந்தது ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சுமார் 40 கிலோமீட்டர் சாலை. பழைய சாலையை அகலப்படுத்தி, பேவ்டு ஷோல்டரோடு, அதாவது ஓரங்களிலும் தளம் போட்டு, இருவழியாக்க வேண்டும். வழியெல்லாம் கரிசல் மண், வழியெல்லாம் கண்மாய்.

டெண்டர் புத்தகத்தில் ஷெட்யூல்கள் வரிசையாக இருந்தன. ஏ என்பது இப்போது இடம் எப்படி இருக்கிறது, பி என்பது என்ன கட்ட வேண்டும், சி என்பது பஸ் நிறுத்தம் போன்ற வசதிகள். டி என்பது தரம். அந்த டி மட்டும் அரைப் பக்கம்தான் இருந்தது. “ஐ.ஆர்.சி. எஸ்.பி. 73 கையேட்டின்படி செய்க” என்று சொல்லிவிட்டு முடிந்துவிட்டது. ஐ.ஆர்.சி. என்பது சாலைகளுக்கு விதி எழுதும் இந்தியச் சாலைக் காங்கிரஸ். அந்த அரைப் பக்கத்துக்குள் ஒரு கையேடும், அது கைகாட்டும் இன்னும் பத்துப் பதினைந்து விதிநூல்களும் உட்கார்ந்திருக்கின்றன என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. வேறொரு கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவரிடம் போனில் கேட்டேன். “ஷெட்யூல் பி-யைக் கதை மாதிரி படிக்காத. நிலப் பத்திரம் மாதிரி படி. நாலு எல்லையையும் விரல் வெச்சுப் பாரு” என்றார்.

பார்த்தேன் என்றுதான் நினைத்தேன்.

கைவசம் இருந்தது ஆறு வாரம். சாலை முழுக்க நடந்தோம். மண் எடுத்துச் சோதித்ததில் கரிசல் நனைந்தால் எவ்வளவு உப்பும் என்று காட்டும் ஃப்ரீ ஸ்வெல் இண்டெக்ஸ் 50-ஐத் தாண்டியது. தாண்டினால் கரை நிரப்ப அந்த மண் ஆகாது, வெளியிலிருந்து கிராவல் கொண்டுவர வேண்டும். பழைய முறையில் லீட், அதாவது மண் கொண்டுவரும் தூரம், கூடினால் கூடுதல் ரேட் கேட்டுச் சண்டையாவது போடலாம். இதில் குவாரி பத்து கிலோமீட்டரில் இருந்தாலும் முப்பதில் இருந்தாலும் அது நம் பாடு. ஆகவே மண்ணில் மிகக் கவனமாக இருந்தேன். எல்லாக் கவனமும் மண்ணிலேயே போய்விட்டது.

டெண்டர் திறந்தார்கள். எல்1 நாங்கள், அதாவது மிகக் குறைந்த விலை எங்களுடையது. ஆபீஸில் ஸ்வீட் வாங்கினார்கள். எனக்கு லட்டு இறங்கவில்லை. ஐட்டம் ரேட்டில் எல்1 என்றால் லாபம் குறைவு, அதோடு போயிற்று. ஒரே மொத்தத் தொகைக்கு எடுக்கும் லம்ப்சம்மில் எல்1 என்றால் மற்றவர்கள் பார்த்த எதையோ நாம் பார்க்கவில்லை என்றும் இருக்கலாம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேலிருந்த ஐ-35டபிள்யூ பாலம் 2007 ஆகஸ்ட் 1-ல் இடிந்து 13 பேர் இறந்தார்கள். புதுப் பாலத்தை டிசைன்-பில்டு முறையில்தான் விட்டார்கள். விலையோடு டிசைனின் தரத்துக்கும் மதிப்பெண் போட்டார்கள். வென்றவர்கள் கேட்டவர்களிலேயே அதிக விலை சொன்னவர்கள்! 2008 செப்டம்பரில், கெடுவுக்கு மூன்று மாதம் முன்னாலேயே பாலம் திறந்துவிட்டது. நம் ஊரில் டிசைனைக் காண்ட்ராக்டர் கையில் கொடுக்கிறோம், ஆனால் தேர்ந்தெடுப்பது விலையை மட்டும் பார்த்து. டிசைன் பிரிவுக்குப் பணம் ஒதுக்கினவன் எல்2 ஆகிவிடுகிறான். இதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

வேலை ஆரம்பித்ததும் டிசைன் டைரக்டர் ஒருவரை நியமிக்க வேண்டியிருந்தது. பாலங்களின் டிசைனைச் சரிபார்க்க மூன்று ப்ரூஃப் கன்சல்டன்ட் பெயர்கள் கொடுத்தோம், துறை ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. இதெல்லாம் காகிதம், தானாக ஓடியது. ஓடாமல் நின்றது ஒரு பதினைந்தடிப் பள்ளத்தில்.

ஒரு பெரிய கண்மாயின் கலுங்கிலிருந்து வழியும் மறுகால் தண்ணீர் சாலையைக் கடக்கிற இடம் அது. பழைய காலத்துத் தாம்போதி ஒன்று, வெள்ளம் மேலே வழிந்து போகும்படி தாழ்வாகப் போட்ட தளம், கிடந்தது. ஷெட்யூல் பி-யில் அந்தச் செயினேஜுக்கு, அதாவது சாலையின் தூரக் குறிக்கு, நேரே “சிறு பாலம், 1 x 10 மீ.” என்று இருந்தது. டெண்டரில் அதையே எடுத்து விலை போட்டிருந்தேன். அட்டவணைக்கு அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு குறிப்பு: இந்த அளவுகள் குறைந்தபட்சம், டிசைனில் கூடினால் அது சேஞ்ச் ஆஃப் ஸ்கோப் ஆகாது. கூடியதற்குப் பணம் இல்லை என்று அர்த்தம். படித்திருந்தேன். பக்கத்தில் பென்சிலால் டிக் கூடப் போட்டிருந்தேன்.

வெள்ள மட்டம் பார்க்க நானும் சர்வேயர் தம்பியும் போனோம். டெண்டரோடு வந்த அறிக்கையில் ஒரு மட்டம் இருந்தது, ஆனால் எதை வைத்து எடுத்தார்கள் என்று தெரியவில்லை. கலுங்குக்குச் சற்றுத் தள்ளி ஐயனார் கோயில். வாசலில் ஆடுகளை மறித்துவிட்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். எழுபது வயது இருக்கும்.

“ஆத்தா, இங்கே தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?”

“எந்த வருசத்த கேக்குற?”

“இருக்கிறதுலயே பெரிய தண்ணி.”

எழுந்து வந்து கோயில் கல்தூணில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்சம் யோசித்து, கையை இரண்டு விரல் கீழே இறக்கினார். “இம்புட்டு. என் மூத்தவன் கைப்பிள்ள அப்ப. அவனத் தலையில தூக்கிக்கிட்டு நின்னேன்.”

அந்த இரண்டு விரல் திருத்தம்தான் என்னை நம்பவைத்தது. கதை சொல்பவர்கள் கையை மேலேதான் ஏற்றுவார்கள்.

தம்பி ஸ்டாஃப் என்ற அளவுகோலைப் பிடித்தான், லெவல் எடுத்தோம். அறிக்கையில் இருந்ததைவிட 45 சென்டிமீட்டர் அதிகம். பொதுப்பணித்துறையின் கண்மாய்ப் பதிவேட்டில் கலுங்கின் நீளத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டதில், நொடிக்கு 26 கன மீட்டர் என்று நான் வைத்திருந்த ஓட்டம் 34-க்குப் போய் நின்றது.

எட்டு கன மீட்டர்தானே என்று தோன்றும். பாலங்களுக்கான விதிநூலான ஐ.ஆர்.சி. 5-ல் ஒரு படிக்கட்டு இருக்கிறது. ஓட்டம் 30 கன மீட்டர் வரை இருந்தால் வெள்ள மட்டத்துக்கும் பாலத்தின் அடிக்கும் நடுவே 600 மில்லிமீட்டர் இடைவெளி போதும். 30-ஐத் தாண்டினால் 900. ஆக, ஆத்தா தந்தது 45 சென்டிமீட்டர், விதிநூல் தந்தது 30, சாலை அங்கே 75 சென்டிமீட்டர் உயர்ந்தாக வேண்டும். கரைச் சரிவு ஒன்றுக்கு இரண்டு என்பதால் அடி இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் விரியும். ஒரு பக்கம் நமக்குக் கொடுத்த நிலமே அந்த அளவுக்கு இல்லை, அங்கே தடுப்புச் சுவர். அப்ரோச், அதாவது பாலத்துக்கு ஏறும் சாலை, இரண்டு பக்கமும் நீளும், அதற்குக் கிராவல். பத்து மீட்டர் ஒரு கண் போதாது, இரண்டு கண். எல்லாம் அந்த எறும்பு வரியின் உபயம்.

சனிக்கிழமை எம்.டி. அறையில் மீட்டிங். அவர் கத்துவார் என்று தயாராகப் போயிருந்தேன். “டெண்டர்ல இதப் பாத்தது யாரு?” என்றார். “நான்தான் சார்.” கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “அந்தம்மா சொன்னது யாருக்குத் தெரியும்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியின் அர்த்தம் அறையில் எல்லோருக்கும் புரிந்தது. பழைய மட்டத்தையே வைத்துக்கொண்டால் துறையின் சார்பில் சரிபார்க்கும் ஆத்தரிட்டி இன்ஜினியர் ஒருவேளை விட்டுவிடுவார். ஆனால் அவர் பார்த்துச் சரி என்று சொன்னாலும் ஒப்பந்தப்படி டிசைனின் பொறுப்பு எங்களை விட்டுப் போகாது. ஐந்து வருஷப் பராமரிப்பும் எங்களுடையது. அப்ரோச் அடித்துக்கொண்டு போனால் திரும்பக் கட்டப்போவதும் நாங்களே. எங்கள் டிசைன் டைரக்டர் இதை ஒரு கணக்காக மட்டும் சொன்னார், நியாயமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எடுபட்டது.

வரைபடங்கள் போயின. ஆத்தரிட்டி இன்ஜினியர் தரப்புக்குப் பதினைந்து நாள் கெடு. பதினான்காம் நாள் சாயந்திரம் 23 குறிப்புகள் வந்தன. பாதி எழுத்துப் பிழை, வடக்குக் குறி இல்லை வகை. ஏழாவது மட்டும் சரியான கேள்வி: “வெள்ள மட்டத்துக்கு ஆதாரம்?” தம்பி அன்று போனில் ஒரு படம் எடுத்துவைத்திருந்தான். தூணில் கை வைத்து நிற்கும் ஆத்தா, பக்கத்தில் சாய்ந்த மாதிரி லெவல் ஸ்டாஃப், ஓரத்தில் ஓர் ஆட்டின் பின்பக்கம். பதிவேட்டுப் பக்கத்தோடு அதையும் இணைப்பாக வைத்து அனுப்பினோம். கேள்வி அதோடு மூடப்பட்டது.

நஷ்டம் மட்டும்தானா என்றால் இல்லை. ஒரு நாள் சென்ட்ரிங் ஃபோர்மேன் டிராயிங்குகளைப் புரட்டிவிட்டு, “சார், கல்வெர்ட்டு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சைஸா இருக்கு. கொஞ்சம் பெருசானாலும் பரவால்ல, மூணே சைஸா போட்டுக் குடுங்க, ஒரே ஷட்டரை எடுத்து எடுத்து மாட்டிருவேன்” என்றார். ஐட்டம் ரேட்டில் இதைச் சொல்ல அவருக்கு ஆளே கிடையாது. யாரோ டிசைன் செய்தது, மாற்ற ஆறு மாதம் ஆகும். இங்கே டிசைன் ஆபீஸுக்கு ஒரு போன். 41 பாக்ஸ் கல்வெர்ட், மூன்றே அளவு. கான்கிரீட் சற்றுக் கூடியது, ஆனால் ஒரு மழைக்காலத்துக்குள் முடித்துவிட்டோம். பாலத்தில் விட்டதில் ஒரு பகுதியை இதில்தான் பிடித்தோம்.

பணம் வருவதுதான் கடைசிவரை பழகவில்லை. ஷெட்யூல் எச்-இல் மொத்தத் தொகையைச் சதவீதமாகப் பிரித்திருப்பார்கள். சாலையில் ஒரு கட்டத்துக்குப் பில் போட வேண்டுமென்றால் எங்கள் ஒப்பந்தத்தில் மொத்த நீளத்தில் பத்து சதவீதம், அதாவது நான்கு கிலோமீட்டர், அந்தக் கட்டம் முடிந்திருக்க வேண்டும். இங்கே வெட்டாத புளியமரம், அங்கே நகர்த்தாத மின்கம்பம் என்று துண்டு துண்டாக நின்றால், கண்ணெதிரே அத்தனை மண் கிடக்கும், பில் போட முடியாது. டீசல்காரருக்கு அது புரியுமா? முதல் ஏழு மாதம் நான் இன்ஜினியர் வேலை பார்த்ததைவிட மரம் வெட்ட அனுமதிக்கும் மின்வாரிய எஸ்டிமேட்டுக்கும் அலைந்ததுதான் அதிகம்.

பாலம் முடிந்து தார் போட்ட பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் போனேன். ஆத்தா சாலையோரம் நின்றுகொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

“ஏம்ப்பா, ரோட்ட இம்புட்டு ஒசரமாத் தூக்கிப்புட்டியே, என் ஆடு கம்மாக்கரைக்கு எப்புடி எறங்கும்?”

அவர் காட்டிய தூணால்தான் உயர்ந்தது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை. ஆடு இறங்கும் சரிவு ஷெட்யூல் பி-யில் கிடையாது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு நான்கு லோடு கிராவல் கொட்டி, ரோலரை இரண்டு முறை ஓட்டச் சொன்னேன்.