திருடுபோன அப்பாவின் ரோலக்ஸ்: ஐந்து மாத அலைச்சல்

நேற்று மாலை நீதிமன்றத்தில் கையெழுத்திட்டு என் அப்பாவின் ரோலக்ஸ் கடிகாரத்தைத் திரும்பப் பெற்றேன். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் பழைய கடிகாரங்களைச் சேகரிக்கும் நண்பர்கள். இதே நிலையில் வேறு யாரேனும் இருக்கக்கூடும் என்பதால், நான் எங்கெல்லாம் இடறினேன் என்பதைச் சூடு ஆறும் முன்பே எழுதிவைக்கிறேன்.

2025 ஜனவரியில், மைசூரிலிருந்து சென்னைக்கு வரும் இரவு ரயிலில் தலைமாட்டில் வைத்திருந்த பை காணாமல் போயிற்று. நான் முதலில் போன காவல் நிலையத்தில், எந்த எல்லையில் களவு போனது என்று தெரியாமல் புகாரைப் பெற முடியாது என்று சொல்லி வேறோர் ஊருக்கு அனுப்பினார்கள். ஒரு நாள் விடுப்பு எடுத்து அங்கே போனால், ரயில் வந்து நின்ற இடத்தில்தான் புகார் தர வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலையும் இலவசமாகப் பெறலாம். வழக்கறிஞர் நண்பர் ஒருவர் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதித் தந்த மனுவோடு மூன்றாவது முறை போனபோதுதான் வழக்குப் பதிவானது.

அதற்குள் அடுத்த சிக்கல் வந்துவிட்டது. கடிகாரத்தின் சீரியல் எண் என்னிடம் இல்லை. 1984-இல் அப்பா மஸ்கட்டில் வாங்கியபோது கொடுத்த உத்தரவாதச் சான்றிதழில் அந்த எண்ணை ஊசித் துளைகளாகக் குத்தியிருந்தார்கள். சிறு வயதில் அதை விளக்கொளியில் தூக்கிப் பிடித்துப் படித்திருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தாள் கூழாகிவிட்டது. எண் இல்லாமல் எந்த ரோலக்ஸைத் தேடுவது என்று ஆய்வாளர் கேட்டது நியாயமான கேள்வி. திருட்டுக் கடிகாரங்களுக்கென்றே லண்டனில் இயங்கும் வாட்ச் ரெஜிஸ்டரில் பதிவு செய்யவும் அந்த எண்தான் வேண்டியிருந்தது.

வழி பிறந்தது மயிலாப்பூரில் நாங்கள் சில பேர் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பால். அப்பாவுடையது 16013 மாடல், எஃகும் தங்கமும் கலந்த, தேதி காட்டும் டேட்ஜஸ்ட் வகை. அந்தக் காலத்து ரோலக்ஸில் பிரேஸ்லெட்டைக் கழற்றினால்தான் எண்கள் தெரியும். 12 மணிப் பக்கத்தில் மாடல் எண்ணும் 6 மணிப் பக்கத்தில் சீரியல் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் புதியவர்களுக்கு இதை விளக்குவதற்காக என் கடிகாரத்தைத்தான் கழற்றினோம். அன்று ஒருவர் எடுத்த படம் அவருடைய பழைய போனில் இன்னமும் இருந்தது. ஏழு இலக்கங்களும் தெளிவாக விழுந்திருந்த அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

எண்ணையும் படங்களையும் நண்பர்கள் தங்களுக்குத் தெரிந்த சேகரிப்பாளர்களுக்கும் பழுதுபார்ப்பவர்களுக்கும் அனுப்பினார்கள். அப்போது மூத்தவர் ஒருவர் சொன்ன எச்சரிக்கையை நான் மறக்க மாட்டேன்: "எல்லா அடையாளத்தையும் வெளியே சொல்லிடாதீங்க தம்பி, ஒண்ணைக் கைவசம் வெச்சுக்கோங்க." பின்மூடியின் உட்புறத்தில் பழுதுபார்த்தவர் ஊசியால் கீறிவைத்த தேதிக் குறிப்பை மட்டும் மறைத்துக்கொண்டேன். கடிகாரம் தங்களிடம் இருப்பதாகவும் முன்பணம் அனுப்பினால் தருவதாகவும் இரண்டு பேர் அழைத்தார்கள். மூடியைத் திறந்து உள்ளே இருப்பதைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றதும் இருவருமே தொடர்பைத் துண்டித்துவிட்டார்கள்.

மார்ச் இறுதியில் புனேயில் உள்ள சேகரிப்பாளர் ஒருவரிடம் பெங்களூரு வியாபாரி ஒருவர் ஒரு 16013-ஐ விலை பேசினார். அவர் அனுப்பிய படத்தில் சீரியல் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் விரலால் மறைக்கப்பட்டிருந்தன. நேர்மையான வியாபாரிகளும் அப்படி மறைப்பது உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் டயலில் 4 மணிக் குறியின் நுனியில் இருக்க வேண்டிய ஒளிப்புள்ளி உதிர்ந்து போயிருந்ததைப் புனே நண்பர் கவனித்து, எங்கள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து உறுதி செய்தார். கடுகில் பாதிகூட இல்லாத அந்த இடத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தவருக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்!

அந்த மகிழ்ச்சியிலேயே காரியம் கெடப் பார்த்தது. எங்களில் ஒருவர் ஆத்திரம் தாளாமல் அந்த வியாபாரியை நேரடியாக அழைத்துத் திட்டிவிட்டதால், அவர் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிப் பேச்சை நிறுத்திக்கொண்டார். புனே நண்பர் எதுவுமே அறியாதவர்போல ஒன்பது நாள் பொறுமையாகப் பேசி அவரை மீண்டும் வழிக்குக் கொண்டுவந்தார். கடிகாரம் கண்ணில் பட்டால், விற்பவரிடம் ஒரு சொல்லும் பேசாமல் படங்களையும் உரையாடலையும் சேமித்து விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள். நாங்கள் கொடுத்தபின் பெங்களூருக்குப் போய்க் கைப்பற்றி வர அவர்களுக்கு நான்கு நாள்தான் ஆயிற்று. விலை கொடுத்து வாங்கினேன் என்று வியாபாரி வாதிட்டார். ஆனால் விற்றவனுக்கே உரிமை இல்லாத பொருளை வாங்கியவருக்கும் உரிமை வராது என்பதுதான் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொது விதி.

கைப்பற்றிய பொருள் நீதிமன்றத்துக்குப் போய்விட்டதால், அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆம் பிரிவின் கீழ் இடைக்காலப் பொறுப்பில் கேட்டு மனு செய்தேன். மனு இரண்டு முறை திருப்பப்பட்டது. கைப்பற்றிய பொருள்களை நீதிமன்றத்துக்கு அனுப்பும்போது காவல் துறை எழுதும் படிவம் 95-இல் "மஞ்சள் நிற உலோகம்" என்று இருக்க, நான் "தங்கம்" என்று எழுதியிருந்தேன். பொருள் விவரம் பொருந்தவில்லை என்றார் எழுத்தர். திருத்திக்கொண்டு போனபோது, முதல் முறையே சொல்லியிருக்கக்கூடிய இன்னொரு குறையைச் சொன்னார்: அப்பா காலமாகிவிட்டதால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அதை வாங்க மூன்று வாரம் ஆயிற்று. ஆகவே மனுவை எழுதும் முன்பே படிவம் 95-இன் நகலைப் பெற்று, அதில் உள்ள சொற்களையே அப்படியே பயன்படுத்துங்கள்.

நீதிபதியின் முன் பின்மூடியைத் திறந்தபோது, கீறல் எழுத்து நான் சொன்னபடியே இருந்தது. வழக்கு முடியும்வரை விற்கவோ மாற்றவோ பாலிஷ் போடவோ கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனைகளோடு பிணைமுறி எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சாவி கொடுத்ததும் ஓடத் தொடங்கியது. கையில் கட்டிப் பார்த்தேன், பூட்டு எட்டவில்லை. வியாபாரி யாருக்கோ அளவு பார்ப்பதற்காக பிரேஸ்லெட்டில் இரண்டு கண்ணிகளைக் கழற்றியிருக்கிறார். அவை படிவத்திலும் இல்லை. அவற்றைக் கேட்டு விசாரணை அதிகாரிக்கு இன்று காலை ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.