கூன் விழுந்த சோஃபியும் என் இஞ்ச் டேப்பும்

தீபாவளி முடிந்த வாரம் தங்கை மகள் வந்திருந்தாள். விடாத மழை, கரண்ட் இல்லை. மோட்டார் வைத்த தையல் மெஷின் கரண்ட் போய்விட்டால் வெறும் மேஜைதான். "பெரியம்மா, லேப்டாப்ல சார்ஜ் இருக்கு, ஒரு படம் பாக்கலாமா?" என்றாள். கார்ட்டூன் என்று தெரிந்ததும் நான் ஹெம்மிங் வேலைக்கு ஊசியைத் தேட ஆரம்பித்தேன். "தொப்பி தைக்கிற பொண்ணு கதை பெரியம்மா. மூணு பேர்ல மூத்தவ." சரி என்று உட்கார்ந்தேன். நானும் மூவரில் மூத்தவள். அப்பா விட்டுப்போன தையல் கடையை இருபத்தாறு வருடமாக நடத்துகிறேன்.

படம் 'ஹௌல்ஸ் மூவிங் காஸில்'. ஜப்பானின் ஹயாவோ மியாசாகி எடுத்து 2004-ல் வந்தது. கதை இங்கிலாந்துக்காரர் டயானா வின் ஜோன்ஸுடையது. 1986-ல் சிறுவர்களுக்காக எழுதிய நாவல்.

ஆரம்பத்திலேயே என்னைப் பிடித்துவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே ரயில் புகையைக் கக்கிக்கொண்டு போகிறது, உள்ளே சோஃபி தலை நிமிராமல் தொப்பிக்கு அலங்காரம் தைக்கிறாள். மற்ற பெண்கள் அலங்கரித்துக்கொண்டு வெளியே கிளம்புகிறார்கள். இவள் மட்டும் இதை முடித்துவிட்டு வருகிறேன் என்கிறாள். தொப்பிக் கடை அவள் அப்பாவுடையது, அவர் இல்லை. இதற்குமேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அன்றிரவே ஒரு சூனியக்காரி கடைக்குள் வந்து சாபம் போட, பதினெட்டு வயதுப் பெண் தொண்ணூறு வயதுக் கிழவியாகிவிடுகிறாள். யாரிடமும் சொல்லவும் முடியாது. சாபம் வாயைக் கட்டிவிடுகிறது. நான் அழுகையை எதிர்பார்த்தேன். அவள் கொஞ்சம் பதறிவிட்டு, மறுநாள் கண்ணாடியைப் பார்த்து, உடம்பு இன்னும் திடமாகத்தான் இருக்கிறது, இந்த உடுப்பும் இப்போதுதான் பொருந்துகிறது என்கிறாள். அப்புறம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே கிளம்பிவிடுகிறாள். குமரியாக இருந்தபோது தெருவில் சிப்பாய்கள் வழிமறித்தால் பேச்சு வராத பெண், கிழவியானதும் மந்திரவாதி ஹௌலின் நடக்கும் கோட்டைக்குள் சொல்லாமல் நுழைந்து, துடைப்பத்தை எடுத்து, அடுப்பில் இருக்கும் நெருப்புப் பூதம் கால்சிஃபரையே மிரட்டுகிறாள். வயதானபின் கிடைக்கிற இந்த வாய்த்துடுக்கு எனக்குத் தெரியும். நாற்பத்தைந்துக்கு முன்னால் பாக்கிப் பணம் கேட்கக்கூட நாக்கு எழாது எனக்கு.

தையல்காரியின் கண்ணில் பட்ட விஷயம் ஒன்று உண்டு. படம் முழுக்க சோஃபியின் வயது ஒரே அளவில் நிற்பதில்லை. தூங்கும்போது இளம்பெண். கோபம் வந்தால், அல்லது யாருக்காவது பரிந்து பேசினால், முதுகு நிமிர்ந்து சுருக்கம் குறைகிறது. அரண்மனையில் ஹௌலுக்காக வாதாடும்போது பழைய சோஃபியே வந்துவிடுகிறாள். நீ அவனைக் காதலிக்கிறாய் என்று அரசரின் மந்திரவாதி சுலிமான் சொன்ன உடனே மறுபடி கிழவி. படத்தில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, வரைந்து மட்டும் காட்டுகிறார்கள். ஜப்பானிய மொழியில் இரண்டு வயதுக்கும் ஒரே குரல், சியேகோ பைஷோ. அப்போது அவர் அறுபதைத் தாண்டியவர்.

கூன் விழுந்தவர்களுக்கு ரவிக்கை வெட்டுவது தனி வித்தை. முன்பக்க உயரத்தைக் குறைத்து முதுகுப்பக்கம் கூட்ட வேண்டும், இல்லையென்றால் பின்னால் ஏறிக்கொள்ளும். வம்பு என்னவென்றால், டேப்பை எடுத்ததும் எல்லாப் பாட்டிகளும் விறைத்து நிமிர்ந்துவிடுவார்கள். அந்த அளவில் தைத்தால் வீட்டில் போய்ப் போடும்போது சரிவராது. எனக்கு ஒரு வாடிக்கைக்காரம்மா இருக்கிறார், எண்பது இருக்கும். மருமகளைப் பற்றி விசாரித்து, பேச்சு சூடு பிடித்ததும் தோள் தானாக இறங்கும், அந்த நொடியில் அளந்துவிடுவேன். சோஃபிக்கு நேர்மாறு. அவளுக்குத் தன்னை மறந்தால் நிமிர்கிறது.

படிக்கட்டுக் காட்சியை மட்டும் நான் இரண்டு முறை பார்த்தேன். சாபம் போட்ட அதே சூனியக்காரியும் சோஃபியும் அரண்மனைப் படிகளில் ஒரே நேரத்தில் ஏறுகிறார்கள். வாசலில் வைத்திருக்கும் மாயத்தால் சூனியக்காரியின் பல்லக்குத் தூக்கிகள் கரைந்துபோக, அந்தப் பெருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அவளே ஏற வேண்டும். சோஃபியின் கையில் வேறு ஒரு நாய். அது மாறுவேடம் போட்ட ஹௌல் என்று அவளாக நினைத்துக்கொண்டு தூக்குகிறாள், கனமென்றால் கனம். மூச்சிரைப்பு, வியர்வை, நடுவில் நின்று ஒருவரையொருவர் சீண்டல். சண்டை போட வேண்டிய இருவரை மூட்டுவலி ஒன்றாக்கிவிடுகிறது. நீளமான காட்சி, அவசரமே இல்லை. மாடிக் கடைக்கு தினமும் பதினெட்டுப் படி ஏறுகிற எனக்கு முழங்கால் சேர்ந்து வலித்தது. பிறகு அந்தச் சூனியக்காரியே சக்தி போய் மழுங்கிய பாட்டியாக, சோஃபியின் கையால் கஞ்சி குடித்துக்கொண்டு கோட்டையில் ஒரு மூலையில் கிடக்கிறாள்.

குறை இல்லாமலில்லை. நடுவில் ஒரு போர் வருகிறது. ஏன் மூண்டது, யார் பக்கம் நியாயம் என்று புரிவதற்குள் கடைசி நிமிடத்தில் சுலிமான் இந்த முட்டாள்தனமான போரை நிறுத்தலாம் என்கிறார், நின்றுவிடுகிறது. இராக் மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்த நாட்டுக்குப் போகப் பிடிக்காமல்தான் 2003-ல் ஆஸ்கர் விழாவுக்கே மியாசாகி போகவில்லையாம். கோபம் புரிகிறது. கதையில் அது ஒட்டவில்லை.

ஊருக்குப் போனபின் தங்கை மகள் புத்தகத்தை அனுப்பிவைத்தாள். ஆங்கிலம் மெல்லத்தான் ஓடும் எனக்கு, மூன்று வாரம் ஆனது. போர் இவ்வளவு கிடையாது. ஹௌல் உண்மையில் வேல்ஸ் நாட்டுக்காரன், அங்கே அவனைத் திட்டுவதற்கு ஓர் அக்கா இருக்கிறாள். கோட்டைக் கதவில் நிறங்கள் போட்ட ஒரு குமிழ் உண்டு, எந்த நிறத்துக்குத் திருப்புகிறோமோ அதற்கேற்ப கதவு வேறு வேறு இடத்தில் திறக்கும். அதில் கறுப்பு அந்த வீட்டுப் பக்கம்தான் திறக்கிறது. படத்தில் அந்தக் கறுப்பு நிறத்தைப் போர்க்களத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அக்கா போனது எனக்கு வருத்தம்தான்.

அதைவிட, புத்தகத்தில் சோஃபிக்கே மந்திரம் உண்டு. தைக்கும்போது தொப்பிகளிடம் பேசுவாள். உனக்குப் பணக்கார வரன் என்று ஒரு தொப்பியிடம் சொன்னால், அதை வாங்கிப் போகிறவளுக்கு அப்படியே நடக்கும். அது தன்னால்தான் என்று அவளுக்கு வெகு நாள் தெரியாது. நானும் ரவிக்கைகளிடம் பேசுவேன், பெரும்பாலும் வசவு. இனிமேல் கவனமாக இருக்க வேண்டும்.

புத்தகத்தின் முன்பக்கத்தில் ஜோன்ஸ் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். ஒரு பள்ளிக்குப் போனபோது ஒரு பையன், நடக்கும் கோட்டை என்று ஒரு புத்தகம் எழுதுங்கள் என்றானாம். அவன் பெயரை எழுதி மிகப் பத்திரமான இடத்தில் வைத்தாராம். அவ்வளவு பத்திரம், பிறகு கிடைக்கவே இல்லை. துணியோடு பெயர்ச் சீட்டைக் குத்தி வைக்காமல் தொலைத்துவிட்டு, இந்தப் பச்சைப் பட்டு யாருடையது என்று வாரம் ஒரு தடவை முழிக்கிறவள் நான். அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். படத்தைப் பார்த்திருப்பானா?