பூசி முடித்த விறாந்தை

எங்கள் பள்ளிக்கூட விறாந்தையின் கொங்கிறீற்றுத் தளத்தைக் கீழிருந்து மேசன் அண்ணை சுத்தியலால் தட்டிக் காட்டிய சத்தம் இன்னும் காதுக்குள் நிற்கிறது. மற்ற இடங்களில் இறுகிக் கேட்டது. மூன்றாம் தூணடியில் மட்டும் வெறும் பானையைத் தட்டினதுபோல் இருந்தது.

"தம்பி, உள்ளுக்குக் கம்பி ஊதியிருக்கு. மேல தண்ணி நிக்கிறதை நிப்பாட்டாமல் பூசி வேலையில்லை."

"விளங்குது அண்ணை. 31ஆந் திகதியோட காசு திரும்பிப் போயிடும். இப்ப பூசுங்கோ, மிச்சத்தை வாற வருசம் பார்ப்பம்."

அவர் கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். "வெடிப்புத் தெரிஞ்சால் பிள்ளையள் விலகி நடக்குங்கள். பூசிவிட்டால் கீழ வந்து இருக்குங்கள்" என்றார். நான் பதில் சொல்லாமல் அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டேன்.

அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். கொங்கிறீற்றுக்குள் தண்ணீர் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடக் கூட இடம் பிடிக்கும், அதனால் கீழ்ப்பக்கம் வெடித்து உதிரும். முதலில் மேலே ஒழுக்கை அடைக்க வேண்டும். பிறகு உக்கின பகுதியைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுரண்டித் துப்புரவாக்கிக் கட்ட வேண்டும். அதற்கு வெயில் காலம் தேவை. இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில் பெருமழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. நான் வேலை செய்த வருடங்களில் திருத்தக் காசு கைக்கு வந்ததும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். டிசம்பர் 31உடன் கணக்கு மூடப்படும். ஈரச் சுவரில் பூச்சு நிற்காது என்று தெரிந்துகொண்டே பூசுவோம்.

வேறு என்ன செய்திருக்கலாம்? விறாந்தையை மூடியிருந்தால் நாலு வகுப்பறைகளுக்கு வழியில்லை. பிள்ளைகளைத் தகரக் கொட்டகைக்குள் இருத்த வேண்டும். ஆவணி வெயிலில் அதற்குள் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2008இல் இடம்பெயர்ந்தபோது வீட்டுக் கூரையைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போன சனம் நாங்கள். திரும்பி வந்தபோது சுவர் மட்டும் நின்றது. ஷெல் பட்ட இந்தக் கட்டடத்தையும் ஒட்டுப்போட்டுத்தான் திறந்தோம். தலைக்கு மேல் ஒரு கூரை இருந்தால் போதும் என்ற எண்ணம் எங்களுக்குள் ஊறிப்போய்விட்டது. அதனால்தான் அன்று எனக்கு அது பெரிய பிழையாகத் தெரியவில்லை. இப்படி எழுதும்போதே சந்தேகமாகவும் இருக்கிறது. யுத்தம் முடிந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அதையே காரணம் சொல்லலாமா?

"வாற வருசம்" என்று நான் சொன்னது பொய் இல்லை. அடுத்த மாசியிலேயே முழுத் தளத்துக்கும் மதிப்பீடு எழுதி அனுப்பினேன். திரும்பி வந்த பதிலில், அந்த விறாந்தை அண்மையில்தான் திருத்தப்பட்டது என்று இருந்தது. சான்றுக்கு இணைத்திருந்தது நான் எடுத்து அனுப்பிய படம், வெள்ளையடித்து முடித்த அன்று எடுத்தது. கம்பி வெளியே தெரிந்த நிலையில் ஒரு படம் எடுத்து வைத்திருக்கலாம். எனக்கு அது தோன்றவேயில்லை. தோன்றியிருந்தாலும் அனுப்பியிருப்பேனா என்று சொல்ல முடியவில்லை. வேலை நல்லாக முடிந்தது என்று காட்டத்தானே படமே எடுத்தேன்.

இன்றுவரை எதுவும் விழவில்லை. விழாமலே போகவும் கூடும். ஆனால் அண்ணை சொன்னபடியே நடந்தது. முன்பு ஒருவரும் நிற்காத அந்த இடத்தில் இப்போது ஒரு வாங்கு கிடக்கிறது. வெயில் படாத இடம், காற்றும் வரும். மத்தியானத்தில் மூன்று நாலு பிள்ளைகள் அதில் இருந்து சாப்பிடுகிறார்கள், குறிப்பு எழுதுகிறார்கள்.

இரண்டு தரம் அந்த வாங்கை நானே தூக்கி மரத்தடியில் போட்டேன். ஒரு பிள்ளை, "ஏன் சேர்?" என்று கேட்டது. "கூட்ட வேணும்" என்றேன். அடுத்த நாள் காலை வாங்கு பழைய இடத்திலேயே இருந்தது.